வெளிநாட்டு ஓய்வூதியம்: எடுத்துக்கொண்டு வருவதா, அங்கேயே விடுவதா?

இருபது, இருபத்தைந்து வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு இந்தியாவுக்கே திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "401கே-வில் இருக்கும் பணத்தைக் கிளம்புவதற்கு முன்னாலேயே எடுத்துவிடலாமா, இல்லை அங்கேயே விட்டுவைத்து மெதுவாக வாங்கிக்கொள்ளலாமா?" 401கே என்பது அங்கே வேலை பார்க்கும் கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. நண்பர் எடுத்தார் என்பதற்காகத் தானும் எடுத்து, மூன்றில் ஒரு பங்கை வரிக்கே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, இந்தியாவில் கையில் வராத பணத்துக்கு வருடாவருடம் வரிக்கணக்குக் காட்ட வேண்டிய நிலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த விஷயம் என் மைத்துனர் மூலமாகத்தான் நெருக்கமானது. அவருக்கு 401கே இல்லை, பழைய பாணி கம்பெனி பென்ஷன். ஊர் வந்த ஆறாவது மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மொத்தத் தொகை 2,000 டாலர், பிடித்தம் 600, கையில் 1,400. "மாசம் அறுநூறு டாலர் எங்கே போகுது?" என்றார். பென்ஷனை நிர்வகிக்கும் நிறுவனம், முகவரி இந்தியாவுக்கு மாறியதுமே 30% பிடிக்க ஆரம்பித்துவிட்டது. தான் வெளிநாட்டில் வசிப்பவர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் என்ற ஒரே ஒரு பக்கப் படிவம் கொடுத்திருந்தால் அந்தப் பிடித்தமே இருந்திருக்காது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. போன பணத்தை அமெரிக்க வரித்துறையிடம் 1040-என்ஆர் என்ற வெளிநாட்டவருக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, அதற்குப் பல மாதம் ஆனது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன், எவற்றை ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்.

- இரண்டு நாடுகளிலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு வரி போகிறது. ஒரு நாட்டு வரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நான் பார்க்கும் முதல் தவறு.
- வயது. அமெரிக்காவில் 59½ வயதுக்கு முன் எடுத்தால் வழக்கமான வரிக்கு மேல் 10% கூடுதல் வரி. 55 வயதிலோ அதற்கு மேலோ வேலையை விட்டவர்களுக்கு, அந்தக் கடைசிக் கம்பெனியின் 401கே-க்கு மட்டும் விலக்கு உண்டு.
- 75 வயதிலும் நம்மால் செய்ய முடிகிற அளவு படிவ வேலையா.
- ரூபாய் மதிப்பு. 2015இல் டாலர் 65 ரூபாய் அளவில் இருந்தது, 2025இல் 85ஐத் தாண்டியது. டாலரில் இருக்கும் பணம் ஒரு பாதுகாப்பு.
- நாம் போன பிறகு மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ என்ன ஆகும்.
- முடிவைப் பின்னால் மாற்ற முடியுமா.

கடைசி இரண்டையும் யாரும் கேட்பதே இல்லை. பெரிய நஷ்டங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

## எல்லாவற்றுக்கும் முன்: நீங்கள் எந்த வகை வசிப்பாளர்?

இந்திய வருமான வரியில் மூன்று நிலைகள் உண்டு. வெளிநாடு வாழ் நபர், அதாவது என்.ஆர். சாதாரணமாக வசிக்காத வசிப்பாளர், அதாவது ஆர்.என்.ஓ.ஆர். கடைசியாக முழு வசிப்பாளர், ஆர்.ஓ.ஆர். முதல் இரண்டு நிலைகளிலும், வெளிநாட்டில் உருவாகி வெளிநாட்டிலேயே கைக்கு வரும் ஓய்வூதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. மூன்றாவது நிலைக்குள் நுழைந்த நாளிலிருந்து உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு.

ஆர்.என்.ஓ.ஆர் ஆவதற்கு இரண்டு வாசல். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்.ஆர் ஆக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

இது வெறும் விதியாகத் தெரியும். ஒரு தேதியை வைத்துப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். பத்து வருடத்துக்கு மேல் வெளியே இருந்த ஒருவர் 2026 செப்டம்பர் 10 அன்று வந்து இறங்குகிறார் என்று வைப்போம். 2026-27இல் அவருக்கு 203 நாள், 181ஐத் தாண்டிவிட்டதால் என்.ஆர் அல்ல. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முதல் வாசல் வழியாக ஆர்.என்.ஓ.ஆர். 2028-29க்கு முதல் வாசல் அடைபடுகிறது, ஏனென்றால் பத்தில் எட்டு ஆண்டுதான் என்.ஆர். இரண்டாவது வாசலைப் பார்க்க வேண்டும்: 203 நாள், அப்புறம் 2027-28இன் 366 நாள், மொத்தம் 569. மீதம் 160 நாள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் விடுமுறைக்கு வருடம் 30 நாள் வந்திருந்தால் 150. உள்ளே வந்துவிட்டார், 2029 மார்ச் 31 வரை ஆர்.என்.ஓ.ஆர். வருடம் 35 நாள் வந்திருந்தால் 175. வெளியே போய்விட்டார், 2028 ஏப்ரல் 1 முதல் முழு வசிப்பாளர். வருடத்துக்கு ஐந்து நாள் விடுமுறை, ஒரு முழு ஆண்டைத் தின்றுவிட்டது.

இதே நபர் அக்டோபர் 2க்குப் பிறகு வந்தால், அந்த நிதியாண்டில் முன்னால் வந்துபோன நாட்களையும் சேர்த்து 181ஐத் தாண்டாமல், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளைத் தொடாமல் இருந்தால், 2026-27இல் அவர் என்.ஆர். அடுத்த இரண்டு ஆண்டும் முதல் வாசல் வழியாகவே ஆர்.என்.ஓ.ஆர். விடுமுறை நாட்களை விரல்விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் 2029 மார்ச் வரை நிம்மதி. பயணத் தேதி கையில் இருக்கிறது என்றால் அக்டோபர் மாதத்தைத்தான் சொல்வேன். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம், 2025 வருகிறது. எல்லோர் வாயிலும் பழகியது பழைய எண்கள்தான் என்பதால் அவற்றையே இங்கே சொல்கிறேன். படிவம் போடும்போது புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: கிளம்புவதற்கு முன்பே முழுவதும் எடுப்பது

வரி: இந்தியாவில் பூஜ்யம், ஏனென்றால் அப்போது நீங்கள் என்.ஆர். அமெரிக்காவில்தான் அடி. எடுக்கும் தொகை அந்த வருடச் சம்பளத்தின் மேல் உட்காரும், அதனால் மேல் படியில் 32%, 35% என்று போகும். 59½ ஆகாவிட்டால் 10% தனி.

மறைந்திருக்கும் செலவு: மாநில வரி. கலிபோர்னியா போன்ற இடத்தில் வசித்தபடியே எடுத்தால் மாநிலமும் தன் பங்கை எடுக்கும், 59½க்கு முன் என்றால் அங்கே இன்னொரு 2.5% அபராதம் வேறு. ஆனால் 1996இலிருந்து அமெரிக்காவில் ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது: மாநிலத்தை விட்டு வெளியேறிய ஒருவரின் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு அந்த மாநிலம் வரி போட முடியாது. அதாவது அதே பணத்தைக் குடிபெயர்ந்த பிறகு எடுத்தால் மாநில வரி முழுக்க மிச்சம். கிளம்பும் அவசரத்தில் எடுக்கிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

எப்போது இதுவே நல்லது: கணக்கில் இருப்பது இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் போன்ற சிறு தொகை. அல்லது டெக்சாஸ், புளோரிடா போல மாநில வருமான வரியே இல்லாத இடம், அதோடு அந்த வருடம் சம்பளமும் குறைவு. சிறு தொகைக்காக இருபது வருடம் இரண்டு நாட்டுப் படிவங்களைத் தூக்கிச் சுமப்பதில் அர்த்தம் இல்லை. பெரிய தொகைக்கு இந்த வழி எனக்குச் சம்மதமே இல்லை.

## வழி 2: ஆர்.என்.ஓ.ஆர் காலத்தில் பிரித்துப் பிரித்து எடுப்பது

ஓய்வு வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

வரி: இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் சம்பளம் நின்றுபோனதால் கீழ்ப் படிகளிலிருந்தே கணக்கு தொடங்கும். அமெரிக்க வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச். இந்த வித்தியாசம் நமக்குச் சாதகம். 2029 மார்ச் வரை ஆர்.என்.ஓ.ஆர் என்றால் 2027, 2028, 2029 என்று மூன்று அமெரிக்க ஆண்டுகளில் பிரித்து எடுக்கலாம், மூன்றாவது தவணையை 2029 ஜனவரியிலேயே.

கணக்கில் 3,00,000 டாலர் என்று வைத்து, 2025ஆம் ஆண்டின் தனிநபர் படிகளில், வெளிநாட்டவருக்குக் கிடைக்காத நிலையான கழிவை விட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆண்டில் எடுத்தால் வரி சுமார் 74,500 டாலர். மூன்று ஆண்டு, ஒவ்வொன்றிலும் 1,00,000 என்றால் வருடம் சுமார் 16,900, மொத்தம் 50,700. வித்தியாசம் ஏறக்குறைய 23,800 டாலர், 85 ரூபாய் கணக்கில் இருபது லட்சத்துக்கு மேல்.

மறைந்திருக்கும் செலவு: முதலில் 30% பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 1042-எஸ் என்ற சான்று வரும், அதை வைத்து 1040-என்ஆர் போட்டு அதிகப்படியைத் திரும்ப வாங்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு, முழுத் தொகையையும் அங்கே உழைத்த உழைப்பின் பலனாக எடுத்துக்கொண்டு போட்டது. உங்கள் பங்களிப்பையும் அதன் மேல் வளர்ந்த வளர்ச்சியையும் பிரித்து, வளர்ச்சிக்கு நேராக 30% என்று போனால் மிச்சம் குறையும். இந்த ஒரு கேள்விக்காகவாவது வெளிநாட்டவர் ரிட்டர்ன் போட்டுப் பழகிய அமெரிக்கக் கணக்காளரிடம் காசு கொடுத்துப் பேசுங்கள்.

இன்னொரு இடத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். பணம் முதலில் வந்து சேரும் இடம் வெளிநாடாக இருக்க வேண்டும். ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருந்தாலும், ஓய்வூதியம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் இறங்கினால் அது இந்தியாவில் பெற்ற வருமானம், வரி உண்டு. அங்கே இருக்கும் வங்கிக் கணக்கில் வாங்கி, அதன் பிறகு இங்கே அனுப்புங்கள். அதனால் கிளம்பும்போது அந்த வங்கிக் கணக்கை மூடாதீர்கள். இங்கே கொண்டுவந்த டாலரை டாலராகவே வைக்க ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்கிறது, ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருக்கும் வரை அதன் வட்டிக்கும் வரி இல்லை.

எப்போது இதுவே நல்லது: 59½ தாண்டியவர், நடுத்தர அளவு இருப்பு, பணத்தை இந்தியாவில் வீட்டுக்கோ வைப்புக்கோ பயன்படுத்தும் திட்டம், வருங்காலத்தில் அமெரிக்கப் படிவங்களிலிருந்து விடுபட ஆசை. 50 வயதில் திரும்புகிறவருக்கு 10% அபராதம் இந்த லாபத்தைப் பெரிதும் தின்றுவிடும், அவர் அடுத்த வழியைப் பார்க்க வேண்டும்.

## வழி 3: கணக்கை அங்கேயே விட்டு 89ஏ விருப்பம் தெரிவிப்பது

முழு வசிப்பாளர் ஆன பிறகு ஒரு சிக்கல் வரும். 401கே-க்குள் வளரும் லாபத்துக்கு அமெரிக்காவில் எடுக்கும்போதுதான் வரி. இந்தியாவில் அப்படி ஒரு தள்ளிவைப்பு தானாகக் கிடையாது, வருடாவருடம் சேரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். இந்த முரணைத் தீர்க்கத்தான் 2021 நிதிச் சட்டத்தில் 89ஏ என்ற பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாட்டுக் கணக்குகளுக்கு மட்டும். படிவம் 10-ஈஈ போட்டால், அங்கே வரி விதிக்கப்படும் ஆண்டில்தான் இங்கேயும் வரி.

வரி: இதற்குரிய விதி 21ஏஏஏ-வில் ஒரு வரி இருக்கிறது, பணம் எடுக்கும்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நீங்கள் என்.ஆர் அல்லது ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருந்தபோது சேர்ந்து, அப்போது இந்தியாவில் வரிக்கு உட்படாமல் இருந்த வருமானத்தை, பின்னால் எடுக்கும்போதும் சேர்க்க வேண்டியதில்லை. முழு வசிப்பாளர் ஆன பிறகு வளர்ந்த வளர்ச்சிக்கு மட்டும்தான் கணக்கு.

முழு வசிப்பாளர் ஆகும் நாளில் இருப்பு 3,00,000 டாலர், சில வருடம் கழித்து 4,50,000 ஆகிறது என்று வைப்போம். 30,000 எடுத்தால், விகிதப்படி பிரித்துப் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு, 10,000 டாலர்தான் இங்கே வருமானம், சுமார் எட்டரை லட்சம் ரூபாய். வேறு வருமானம் இல்லாத வசிப்பாளருக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் இந்திய வரியே வராது. வந்தாலும் அந்தப் பகுதிக்கு அமெரிக்காவில் கட்டியதைப் படிவம் 67 மூலம் கழித்துக்கொள்ளலாம்.

இதை நிரூபிக்க என்ன வேண்டும்? முழு வசிப்பாளர் ஆவதற்கு முந்தைய நாள், அதாவது அந்த மார்ச் 31 அன்றைய இருப்பைக் காட்டும் அறிக்கை. அந்தத் தேதிக்கு அறிக்கை எடுத்து, அச்சிட்டு, கோப்பில் வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனமே மாறியிருக்கலாம். இந்த ஒரு தாள் பல லட்சம் பெறும்.

மறைந்திருக்கும் செலவு: விருப்பத்தைத் திரும்பப் பெற முடியாது. ரிட்டர்ன் தாக்கல் கடைசித் தேதிக்குள் 10-ஈஈ போட வேண்டும், தவறினால் அந்த ஆண்டுக்கு வாய்ப்பு போச்சு. பிற்பாடு மறுபடி வெளிநாடு போய் என்.ஆர் ஆனால், விருப்பமே தெரிவிக்காத மாதிரி கருதிப் பழைய ஆண்டுகளைக் கணக்கெடுப்பார்கள். பிள்ளைகளோடு போய்த் தங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ராத் கணக்கு இந்தச் சலுகைக்குள் வராது, ஏனென்றால் எடுக்கும்போது வரி விதிக்கப்படும் கணக்குகளுக்குத்தான் 89ஏ. ராத் கணக்கில் எடுக்கும்போது அங்கே வரியே இல்லை.

முழு வசிப்பாளர் வருடாவருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் நிரப்ப வேண்டும், அதற்கு ஐ.டி.ஆர்-1 செல்லாது. மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். அசையாச் சொத்து தவிர்த்த சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் பெரும்பாலான 401கே அந்த வரம்பைத் தாண்டியே இருக்கும்.

அப்புறம் பிள்ளைகளுக்கு வரும் செலவு. அமெரிக்கக் குடிமகனும் அல்லாத, அங்கே நிரந்தரமாக வசிப்பவரும் அல்லாத ஒருவர் இறந்தால், அவருடைய அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மேல் உள்ளதற்கு அங்கே எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி, 40% வரை. 401கே, ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு எல்லாம் இதில் வரும். இந்தியாவில் இந்த மாதிரி வரி 1985இலேயே ஒழிந்துவிட்டதால் நம் மனதில் இது தோன்றுவதே இல்லை. இந்த வரிக்காக இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒப்பந்தமும் இல்லை. பெரிய இருப்பை 80 வயது வரை அங்கேயே வைத்திருக்கத் திட்டமிடுகிறவர்கள் இதை முதலில் கணக்கிட வேண்டும்.

எப்போது இதுவே நல்லது: 59½ ஆகாதவர், பணம் உடனே தேவைப்படாதவர், டாலரில் வளர விட நினைப்பவர், படிவ வேலைக்கு அஞ்சாதவர். 73 வயதிலிருந்து, 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் 75 வயதிலிருந்து, குறைந்தபட்சத் தொகையை ஒவ்வொரு ஆண்டும் எடுத்தாக வேண்டும் என்ற அமெரிக்க விதியும் இருக்கிறது.

## வழி 4: மாதாமாதம் ஓய்வூதியம், ஒப்பந்தப் பாதுகாப்போடு

கம்பெனி பென்ஷன் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் இயல்பான வழி. இந்திய-அமெரிக்க இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு, தனியார் ஓய்வூதியத்துக்கு வசிக்கும் நாட்டில் மட்டும் வரி என்கிறது. அதே பிரிவு ஓய்வூதியம் என்றால் தவணை முறையில் வருவது என்றும் வரையறுக்கிறது. அதனால் மொத்தமாக எடுக்கும் தொகைக்கு இந்தப் பிரிவைக் காட்டுவது பலவீனமான வாதம்.

வரி: மைத்துனரின் தொகையையே எடுத்துக்கொள்வோம். மாதம் 2,000 டாலர், வருடம் 24,000, 85 ரூபாய் கணக்கில் 20.4 லட்சம். புதிய வரி முறையில் 75,000 நிலையான கழிவு போக 19.65 லட்சம். 2025-26 படிகளில் வரி, செஸ் சேர்த்து சுமார் 2 லட்சம். அமெரிக்கா 30% பிடித்திருந்தால் 6.12 லட்சம். மாதம் 1,000 டாலர் வாங்குகிறவர், வேறு வருமானம் இல்லையென்றால், இந்தியாவில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு: இங்கே யாரும் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள், நாமேதான் கட்ட வேண்டும். 60 வயது தாண்டி, தொழில் வருமானம் இல்லாத வசிப்பாளருக்கு முன்கூட்டி வரி கட்டும் கட்டாயம் இல்லை. 60க்குக் கீழ் என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகள். டாலரை ரூபாயாக்க, தொகை கிடைக்கும் மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்.பி.ஐ.யின் தந்திவழிப் பரிமாற்ற (TT) வாங்கும் விலையைப் பயன்படுத்த வேண்டும். வங்கியில் வந்து விழுந்த ரூபாயை அப்படியே கூட்டிப் போடக் கூடாது.

401கே வைத்திருப்பவர் இதே பிரிவைக் காட்டி மாதத் தவணைக்கு அமெரிக்க வரியைத் தவிர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். கேட்கலாம். ஆனால் 89ஏ, அங்கே வரி விதிக்கப்படும் ஆண்டில் இங்கே வரி என்கிறது. அங்கே வரியே வேண்டாம் என்று ஒப்பந்தத்தையும் காட்டி, இங்கே 89ஏ-வையும் காட்டுவது பொருந்தி வராது என்பதே என் கருத்து. ஏதாவது ஒரு தடத்தில் போங்கள்.

எப்போது இதுவே நல்லது: நிலையான மாத வருமானம் வேண்டும், வேறு இந்திய வருமானம் அதிகம் இல்லை. வாடகை, வட்டி எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 24 லட்சத்துக்கு மேல் போகிறவருக்கு ஒவ்வொரு டாலரும் 30% படியில் விழும், அவருக்கு வழி 2 மேல்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: முன்பே எடுப்பது | வழி 2: ஆர்.என்.ஓ.ஆர் காலத்தில் | வழி 3: 89ஏ | வழி 4: மாதப் பென்ஷன் |
|---|---|---|---|---|
| அமெரிக்க வரி | சம்பளத்தின் மேல், மாநில வரியும் | கீழ்ப் படிகளிலிருந்து | எடுக்கும்போது | டபிள்யூ-8பென் இருந்தால் இல்லை |
| இந்திய வரி | இல்லை | இல்லை, முதலில் வெளிநாட்டில் பெற்றால் | முழு வசிப்பாளர் ஆன பிறகான வளர்ச்சிக்கு | முழுத் தொகைக்கும், படி விகிதத்தில் |
| 59½க்கு முன் 10% | உண்டு | உண்டு | காத்திருந்தால் இல்லை | பொதுவாக இல்லை |
| வருடாந்திரப் படிவ வேலை | முடிந்துவிடும் | இரண்டு, மூன்று வருடம் | ஆயுள் முழுக்க | ஆயுள் முழுக்க, எளிது |
| இறப்புக்குப் பின் அமெரிக்க வரி | இல்லை | எடுத்த தொகைக்கு இல்லை | பெரிய ஆபத்து | திட்டத்தைப் பொறுத்தது |
| மாற்ற முடியுமா | முடியாது | பாதியில் நிறுத்தலாம் | விருப்பம் நிரந்தரம் | பெரும்பாலும் முடியாது |

## அமெரிக்கா அல்லாதவர்களுக்கு, சுருக்கமாக

பிரிட்டன்: தனியார் ஓய்வூதியத்துக்கும் அரசு முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஒப்பந்தப்படி இந்தியாவில் மட்டும் வரி. பிரிட்டனில் அரசு வேலை பார்த்ததற்கான ஓய்வூதியத்துக்கு விதி வேறு. அங்கே வரியில்லாமல் எடுக்கக் கிடைக்கும் 25% தொகைக்கு நம் சட்டத்தில் தனி விலக்கு இல்லை, அதனால் முழு வசிப்பாளர் ஆவதற்கு முன் எடுங்கள். அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயராது, முதல் நாள் தொகையிலேயே நின்றுவிடும். இருபது வருட விலைவாசியை வைத்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சிங்கப்பூர்: 89ஏ பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. நிரந்தரவாசத்தை விட்டுத் திரும்புகிறவர் சி.பி.எஃப். என்ற அந்நாட்டுச் சேமநிதித் தொகையை எடுக்கலாம், அதை இங்கே முழு வசிப்பாளர் ஆவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

வளைகுடா: மாதப் பென்ஷன் இல்லை, வேலை முடிவில் தரும் பணிக்கொடைதான். என்.ஆர் ஆக இருக்கும்போதே அங்கேயே கைக்கு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஐ.நா.: ஐ.நா. ஓய்வூதியத்துக்கு இந்தியாவில் விலக்கு உண்டு, 1981 பிப்ரவரி 10 தேதியிட்ட 293ஆம் சுற்றறிக்கை அதைச் சொல்கிறது. "சர்வதேச நிறுவனம்" என்ற பெயர் இருந்தாலே இது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்துக்கென்று சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டிக்கு நாம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஒப்பந்தப்படி அமெரிக்காவில் மட்டும் வரி, இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் பொதுவாக 25.5% பிடித்துக்கொண்டுதான் வரும். இந்தியாவில் அதற்கு வரி இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இன்னும் கையில் இருப்பவர்களுக்கு மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தாது, உலக வருமானம் முழுவதற்கும் அங்கே ரிட்டர்ன் தொடரும். 15 ஆண்டுகளில் 8 ஆண்டு கிரீன் கார்டு வைத்திருந்து அதைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு வெளியேறும் வரி என்று ஒன்று வேறு இருக்கிறது. சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரை எட்டுகிறது என்றால், கார்டைக் கொடுப்பதற்கு முன்பே ஆலோசனை கேளுங்கள், கொடுத்த பிறகு அல்ல.

## எந்த வழியானாலும், விமானம் ஏறுவதற்கு முன்

நிர்வகிக்கும் நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: இந்திய முகவரி போட்டால் கணக்கைத் தொடர விடுவார்களா? சிலர் புதிய முதலீட்டை நிறுத்துவார்கள், சிலர் கணக்கையே மூடச் சொல்வார்கள். அமெரிக்கக் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். என் மைத்துனர் அந்த எண்ணை ரத்து செய்துவிட்டு வந்ததால், கணக்குக்குள் நுழையக் கேட்ட ஓ.டி.பி. எங்கோ போய்க்கொண்டிருந்தது. டபிள்யூ-8பென்னில் கையெழுத்துப் போடுவதைவிட, தான் தான்தான் என்று அவர்களை நம்ப வைக்கத்தான் அவருக்கு அதிக நாள் ஆனது.

வாரிசு நியமனத்தையும் அப்போதே சரிபாருங்கள். கணக்கின் விவரம், பயனர் பெயர், திட்டத்தின் தொலைபேசி எண் எல்லாம் ஒரே தாளில், வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். மைத்துனரின் கோப்பில் இப்போது அந்தத் தாள் மேலே இருக்கிறது, என் தங்கையின் கையெழுத்தில்.